வெட்டாமல் விட்ட ஜாக்

அக்கா,

அன்றைக்கு உங்கள் அம்மா போனை வைப்பதற்கு முன் கடைசியாக என்னிடம் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. "என்ன சொன்னவ?" என்று கேட்டீர்கள். "பாத்துப் போகச் சொன்னாங்க" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு சீட்டுக்கட்டை எடுத்துக் கலைக்கத் தொடங்கினீர்கள். அதற்குப் பிறகு நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நேற்று ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்கு வரும் பஸ்ஸில் அது ஞாபகம் வந்தது. தீபாவளிக்கு ஊருக்கு வருகிற பிள்ளைகள், கொழும்பில் கார்மென்ட்டிலும் கடைகளிலும் வேலை செய்கிறவர்கள், பின் சீட்டில் நாலு பேராக உட்கார்ந்து பயணப் பையொன்றை மடிகளின் மேல் படுக்கப்போட்டு, சீட்டுக்கட்டில் முன்னூற்றி நாலு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் சீட்டு சரிந்தது. "துரும்பத் தெறடி!" என்றது ஒரு பிள்ளை. "வெட்டு வுழுந்தாத்தாண்டி தெறக்கணும், ஒன் அவசரத்துக்கெல்லாம் தெறக்க முடியுமா?" என்றது இன்னொன்று. நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. மழையில் திரும்பி நடந்தேன்.

செல்லம்மாக்காவின் வீட்டு அடுப்படி உங்களுக்கு மறந்திருக்காது. நான் அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது நீங்களும் ரெஜினாவும் அங்கே இருந்தீர்கள். மூவரும் ஒரே பள்ளிக்கூடத்து ஆசிரியைகள். ரெஜினா பதுளைப் பக்கம், நான் பூண்டுலோயா, நீங்கள் யாழ்ப்பாணம். சனிக்கிழமையில் மழை பிடித்தால் வேறு போக்கிடம் இல்லை. அடுப்புச் சூட்டுக்காக நாம் மூவரும் அங்கே போய் உட்காருவோம். நாலாவது கைக்கு வீட்டுக்காரி இருந்தார்.

செல்லம்மாக்கா சாவு வீடுகளில் விளையாடி விளையாடித் தேர்ந்தவர். என்னைச் சேர்த்துக்கொண்ட முதல் நாளில் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். "ஜாக்குதான் பெரியவன். அடுத்தது ஒம்பது. அப்பறம் ஆஸ், அப்பறம் பத்து. ராஜா ராணியெல்லாம் சும்மா பேருக்கு. மொத்தம் முன்னூத்தி நாலு புள்ளி. எத்தன எடுப்பேன்னு கேட்டவங்க துரும்பக் கவுத்து வச்சிருவாங்க. அது என்னா இனம்னு கூட்டாளிக்கும் தெரியாது. போட்ட இனம் கையில இல்லாட்டி நீங்களும் சீட்டக் கவுத்துப் போடணும். கேட்டவங்க எடுத்துப் பாப்பாங்க. துரும்பா இருந்தா வெட்டு, இல்லாட்டி கழிச்ச சீட்டு. வாயால சொல்லக்கூடாது, கண்ணக் காட்டக்கூடாது, இருமக்கூடாது. வெளங்குச்சா டீச்சர்?"

ஒன்றும் விளங்கவில்லை. தோற்ற ஜோடி காதில் உடுப்புக் கிளிப்பை மாட்டிக்கொள்ள வேண்டும், அடுத்து ஜெயிக்கும் வரை கழற்றக்கூடாது என்பது மட்டும் நன்றாக விளங்கியது. உங்களுக்குக் கூட்டாளியாக வந்த முதல் மாதம் முழுக்க நம் இருவர் காதும் சிவந்தே கிடந்தது. "எங்கட ஊரில தோத்தவைக்கு இப்பிடித் தண்டனை இல்லை" என்று நீங்கள் முறையிட்டபோது, "அதான் அங்க ஆட்டம் ஒழுங்கா வர்றதில்ல" என்றார் செல்லம்மாக்கா.

உங்கள் நோயைப் பற்றி என்னிடம் மட்டும்தான் சொன்னீர்கள். பள்ளிக்கூடம் விட்டு இறங்கி வரும்போது, நீர்த்தேக்கம் தெரியும் வளைவில் நின்று, குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பாடத்திட்டம் முடியவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னீர்கள். கண்டியில் டொக்டர் இடது மார்பை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்கிறார். தையில் கல்யாணம். மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறார், தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள். அம்மா, முதலில் தாலி ஏறட்டும், பிறகு பார்ப்போம் என்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"ஓம் எண்டன்."

"டொக்டர்கிட்ட?"

"அவரிட்டையும் ஓம் எண்டுதான் சொன்னனான்."

சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா இல்லாத வீட்டில், இடம்பெயர்ந்த ஒவ்வொரு ஊரிலும் உங்களைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர் உங்கள் அம்மா. அவரிடம் இல்லை என்று சொல்லி உங்களுக்குப் பழக்கமில்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்குப் பெரிய அறிவு தேவைப்படவில்லை. என் அம்மாவிடம் நானும் அப்படித்தான்.

அந்தச் சனிக்கிழமை உங்கள் கட்டிலடியில் பை தயாராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டு வரச் சொல்லியிருந்தார் அம்மா. திங்கட்கிழமை கண்டியில் வார்டில் சேர வேண்டும் என்று சொல்லியிருந்தார் டொக்டர். பை எந்தப் பஸ்ஸுக்கு என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். நாம் முந்தின ஆட்டத்தில் தோற்றிருந்தோம். காதில் கிளிப்போடு உட்கார்ந்து சீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தோம். சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்த உங்கள் போன் ஒருமுறை அடித்து ஓய்ந்தது. நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் நாலு சீட்டு வந்ததுமே செல்லம்மாக்கா இருநூறு கேட்டார். நீங்கள் இருநூற்றிப் பத்து என்றீர்கள். அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு விடாமல் மேலும் ஐந்து ஏற்றினார். "இருநூத்தி இருபது" என்று சொல்லி ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்தீர்கள்.

"ஏத்திவிட்டுட்டேன்!" என்று தொடையில் தட்டினார் செல்லம்மாக்கா. "வாங்க டீச்சர், மாட்டிக்கிட்டீங்க."

மீதிச் சீட்டும் வந்தது. ரெஜினா முதல் சீட்டாக ஆர்ட்டின் ஜாக்கைப் போட்டாள். ஆர்ட்டினில் அதற்கு மேல் ஒன்றுமில்லை. வெட்டினால்தான் உண்டு. உங்களிடம் ஆர்ட்டின் இல்லை. ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போட்டீர்கள். வெட்டிவிட்டீர்கள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். செல்லம்மாக்கா பயந்து ஒன்றுக்கும் உதவாத ஏழைப் போட்டார். என்னிடம் இருந்த ஒரே ஆர்ட்டின் பத்து. வேறு வழி இல்லாவிட்டாலும் நமக்குத்தானே வருகிறது என்று சந்தோஷமாகவே போட்டேன்.

நீங்கள் உங்கள் சீட்டை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தீர்கள். "வெட்டில்லை. எடும் ரெஜினா."

நாற்பது புள்ளி. எண்பத்தி நாலுக்கு மேல் அவர்களுக்குப் போனால் நாம் தோல்வி. அதில் பாதி முதல் பிடியிலேயே போய்விட்டது.

"என்னாங்க யாழ்ப்பாணத்து டீச்சர்," என்றார் செல்லம்மாக்கா, "துரும்பே இல்லாமலா துரும்பு வச்சீங்க? ஜாக்க வெட்டாம வேற எத வெட்டப் போறீங்க, விறகா?"

"விறகு நீங்க வெட்டுங்கோ அக்கா. அடுப்பு அணையுது."

ரெஜினா ஆர்ட்டின் ஒன்பதைப் போட்டாள். நீங்கள் மறுபடியும் ஒன்றைக் கவிழ்த்தீர்கள். இந்த முறை செல்லம்மாக்காவுக்குப் பயமில்லை. ராஜாவைத் தூக்கிப் போட்டார், புள்ளி கூடட்டும் என்று. அடுத்து நான். என்னிடம் ஆர்ட்டின் இல்லை.

நான் உங்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நீங்கள் எதையும் காட்டியிருக்க மாட்டீர்கள். என் சீட்டைத்தான் பார்த்தேன். இஸ்பேடு ஜாக் என்னிடம். டைமண்ட் ஜாக்கும் ஒன்பதும் என்னிடம். ஆர்ட்டின் ஜாக் கண்ணுக்கு முன்னால் போய்விட்டது. ஜாக் இல்லாத இனத்தை நம்பி இருநூற்றி இருபது கேட்கிற ஆள் இல்லை நீங்கள். மிச்சம் கிளாவர்தான். என்னிடம் கிளாவரில் இருந்தது ஒரேயொரு ஏழு. அதுவரை அதை நான் ஒரு சீட்டாகவே நினைக்கவில்லை. அதைக் கவிழ்த்துப் போட்டேன்.

நீங்கள் முதலில் உங்கள் சீட்டைப் பார்த்து ஒதுக்கினீர்கள். பிறகு என்னுடையதை எடுத்துப் பார்த்தீர்கள். உங்கள் துரும்பைத் திருப்பி வைத்தீர்கள். கிளாவர் எட்டு. அதன் பக்கத்தில் என் ஏழு.

செல்லம்மாக்கா கையிலிருந்த சீட்டை மடியில் போட்டார். "கண்ணு காட்டிட்டீங்க! ரெண்டு பேரும் கண்ணாலயே பேசிக்கிறீங்க! ஏன் ரெஜினா, நீ பாக்கலியா?"

"இல்லக்கா, சத்தியமா இல்ல" என்றேன் நான்.

"அவ என்னைப் பாக்கவே இல்லை அக்கா" என்றீர்கள். "சீட்டைத்தான் பாத்தவ."

அதன்பிறகு நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். என் ஜாக்குகள் ஒவ்வொன்றாக இறங்கின. கிளாவரில் மீதி மூன்றும் செல்லம்மாக்காவிடம் இருந்தன. நீங்கள் துரும்பை இறக்கி இறக்கி அவற்றைக் கரைத்தீர்கள். அவருடைய ஆஸ் ஒரு பிடியை எடுத்தது. ஆனால் அவர் கடைசியாக ஆர்ட்டினைப் போட்டபோது உங்களிடம் ஒரு துரும்பு மிச்சம் இருந்தது. முதல் ஜாக்கை வெட்டியிருந்தால் அந்த ஒன்று இருந்திருக்காது.

நீங்கள் உங்கள் காதிலிருந்து கிளிப்பைக் கழற்றினீர்கள். நான் என்னுடையதைக் கழற்றவும் மறந்து, "மொத தடவயே ஏங்க்கா வெட்டல?" என்று கேட்டேன்.

"என்னட்டை நாலுதானே இருந்தது. வாறதை எல்லாம் நானே வெட்டினா கடைசியில கையில ஒண்டும் நிக்காது. இரண்டாந்தரம் நீர் ஒண்டை வெட்டுவீர் எண்டு நினைச்சன்."

"நான் கண்டுபிடிக்காம விட்டிருந்தா?"

"தோத்திருப்பம்." தோளைக் குலுக்கினீர்கள். "மற்றக் காதிலையும் கிளிப் போட்டிருப்பா."

அப்போதுதான் போன் மறுபடியும் அடித்தது. நீங்கள் எழுந்து போய் எடுத்துப் பார்த்தீர்கள். அடிக்க அடிக்கக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு திரும்பி வந்து சீட்டுகளின் மேல், என் முன்னால் அதை வைத்தீர்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த ஒருமுறை உங்கள் கண் என்னிடம் பேசியது. அதை மறுக்க மாட்டேன்.

எடுத்தேன். "வணக்கம்மா. நான் டீச்சர் கூட இந்த வீட்ல இருக்கிறவ."

"பிள்ளை எங்க?"

"இங்கதான் இருக்காங்கம்மா. நாளைக்கு அவங்க ஊருக்கு வரமாட்டாங்க. திங்கக்கெழம கண்டியில ஆஸ்பத்திரியில சேர்றாங்க, ஆப்பரேஷனுக்கு. நானும் கூடப் போறேன்."

உங்களைக் கேட்காமலேதான் சொன்னேன். சொல்லிவிட்டு உங்களைப் பார்த்தேன். இல்லை என்று தலையாட்டுவீர்களோ என்று பயமாக இருந்தது. நீங்கள் ஆட்டவில்லை. கீழே கிடந்த சீட்டுகளை முகம் ஒரே பக்கமாக வரும்படி அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். ரெஜினா வாயில் கைவைத்தபடி உங்களையே பார்த்தாள். செல்லம்மாக்கா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டார். அவர்களுக்கு அதுவரை ஒன்றுமே தெரியாது.

உங்கள் அம்மா கோபமாகப் பேசுவார் என்று நினைத்திருந்தேன். அவர் அழுதார். "நீர் ஆர் பிள்ளை? உமக்கு எங்கட வீட்டைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாதுதான். பிறகு அழுகையை நிறுத்திக்கொண்டு, நிதானமாக, இதைச் சொன்னார்: "இந்தக் கலியாணம் நிண்டு, என்ர பிள்ளை வாழ்க்கை முழுக்கத் தனிச்சு நிண்டா, அதுக்கு நீர்தான் பொறுப்பு. விளங்குதே?"

"சரிங்கம்மா" என்றேன்.

இதைத்தான் அக்கா நான் உங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீங்கள் அன்று இரவே அம்மாவை அழைத்திருப்பீர்கள். அந்தப் பிள்ளையை ஒன்றும் சொல்லாதேங்கோ, எல்லாம் நான் எடுத்த முடிவுதான் என்றிருப்பீர்கள். அதற்கு அவர் அழுதிருப்பார். நீங்கள் ஓம் என்றிருப்பீர்கள். பை யாழ்ப்பாணத்துக்குப் போயிருக்கும்.

செல்லம்மாக்கா எழுந்து வந்து என் காதிலிருந்த கிளிப்பைக் கழற்றினார். அதோடுதான் நான் உங்கள் அம்மாவிடம் பேசியிருக்கிறேன். "திங்கக்கெழம விடியக்காலம் மொத பஸ்ஸப் புடிக்கணும்" என்றார். "ரொட்டி சுட்டுத் தர்றேன். தேங்கா போடாமத்தான் சுடுவேன், வயித்துக்கு ஆவாது." ரெஜினா அழத் தொடங்கினாள். "எங்கிட்டக்கூடச் சொல்லல மிஸ்" என்றாள். "அழுவாத. சீட்டப் போடு" என்றார் செல்லம்மாக்கா. ரெஜினாதான் பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் மற்றதைக் காப்பாற்ற முடியும், அந்த ஜாக் மாதிரித்தான் மிஸ் இதுவும், என்று ஏதோ ஆறுதலாகச் சொல்ல ஆரம்பித்தாள். நீங்கள் முடிக்க விடவில்லை.

"சீட்டு சீட்டுத்தான் ரெஜினா. இது வேற. சீட்டில நோகாது."

நான் நிறையப் படிக்கிறவள். ஒன்றைப் பார்த்தால் அதை இன்னொன்றோடு ஒப்பிட்டுவிடத் துடிக்கிற புத்தி எனக்கு. ரெஜினா சொன்னதையே நானும் மனதில் அழகாக எழுதி வைத்திருந்தேன். உங்கள் ஒரு வரியோடு அதை விழுங்கினேன். இப்போதும் எழுதும்போது எங்காவது உவமை அழகாக வந்து விழுந்தால், அங்கே யாருக்கு நோகிறது என்று ஒருமுறை பார்க்கிறேன்.

கண்டியில் வார்டு வாசலில் வைத்து ஊழியப் பெண் என்னைக் காட்டி உங்களிடம் சிங்களத்தில் "நங்கித?" என்று கேட்டாள். தங்கையா என்று. நமக்குள் முகத்தில் ஒரு ஒற்றுமையும் கிடையாது. "ஓவ்" என்றோம், ஆமாம் என்று. இருவரும் ஒரே குரலில் சொன்னோம் என்று நினைக்கிறேன்.

கல்யாணம் நின்றது. அவர்கள் மரியாதையாகத்தான் நிறுத்தினார்கள். தரகர் மூலம், பிள்ளையின் உடம்புதான் முக்கியம் என்று சொல்லி அனுப்பினார்கள். உங்கள் அம்மா மஸ்கெலியாவுக்கு வந்தார். குளிரில் நடுங்கிக்கொண்டு அடுப்படியை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தார். மிளகாய்த் தூள் விஷயத்தில் செல்லம்மாக்காவோடு நாளுக்கொரு சண்டை. என்னோடு மட்டும் பேசவில்லை. நான் தேநீர் வைத்தால் குடிப்பார், கோப்பையைக் கழுவி வைப்பார், அவ்வளவுதான். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது உங்கள் சட்டைகளை மடியில் பரப்பி வைத்திருந்தார். உள்ளே வைத்துத் தைக்கப் பஞ்சு வாங்கியிருந்தார். ஆனால் துணி சொரசொரப்பாக இருந்தது. "பிள்ளை, உம்மட்டை மெல்லிசாப் பழைய துணி ஏதும் இருக்கே? தையல் காயத்தில பட்டா நோகும்" என்று கேட்டார். என்னிடம் துவைத்துத் துவைத்துப் பட்டுப் போலாகிவிட்ட பருத்தி வாயில் சேலை ஒன்று இருந்தது. கிழித்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துத் தடவிப் பார்த்து, "இது போதும்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஊசியில் நூல் கோர்க்கக் கேட்டார், மழை எப்போது விடும் என்று கேட்டார். பொறுப்பைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை.

நீங்கள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தீர்கள். இடமாற்றம் கேட்கலாம் என்றிருந்தும் கேட்கவில்லை. எழுதுகிற இடது கையைத் தூக்க முடியாமல், கரும்பலகையின் மேல் பாதியில் எழுதுவதை மட்டும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விட்டீர்கள். எனக்குத் தெரிந்து அந்த வருடங்களில் நீங்கள் யாரிடமும் வேண்டாத இடத்தில் ஓம் என்று சொல்லவில்லை. அம்மாவிடம் முதல்முறை போனில் இல்லை என்று சொன்ன நாளில் வெளியே வந்து என்னிடம், "சொல்லிப்போட்டன், இடி ஒண்டும் விழேல்லை" என்றீர்கள்.

போன வருடம் என் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். பூண்டுலோயாவுக்கும் மஸ்கெலியாவுக்குமாக அலைந்துகொண்டு, எல்லாவற்றையும் நானே செய்தேன். தம்பிக்குக் கொழும்பில் வேலை, அவனுக்கு எதற்குத் தொந்தரவு என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். ஒருநாள் அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்கத் தெம்பில்லாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்தபடியே தம்பியை அழைத்தேன். "வாடா, என்னால முடியல" என்றேன். அவ்வளவு இலகுவாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "இத்தன நாளா ஏன்க்கா கூப்புடல?" என்றுதான் அவன் கேட்டான். அடுத்த நாள் காலையில் வந்து நின்றான். அவன் கைக்கு அப்பாவின் பாரம் ஒன்றுமே இல்லை. வந்து பிடிப்பான் என்று நம்பி ஒன்றை விட்டுவிட, உங்களிடமிருந்துதான் எனக்குத் தெரியும். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

நோய் திரும்பி வந்தபோது எலும்புக்குப் போயிருந்தது. நீங்கள் இடமாற்றம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனீர்கள். மாசி மாதத்தில் ஒரு காலை, அம்மா கஞ்சி ஆற்றி எடுத்துவர உள்ளே போயிருந்த நேரத்தில், இறந்துபோனீர்கள்.